ஆனா சொன்னால் மணி அடிக்கும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் அதை விதியாகவே ஆக்கிவிட்டது. நிர்வாகத்திடம் எதைப் பேசுவதாக இருந்தாலும், அது புகாரோ வேண்டுகோளோ சாட்சியோ, முதலில் நாநயப் பயிலகத்தில் சேர்ந்து பேசக் கற்றுத் தேற வேண்டும். தேறாதவர் வாயைத் திறந்தால் அது பேச்சில் சேராது, சத்தத்தில் சேரும் என்று சுற்றறிக்கையிலேயே போட்டிருந்தார்கள்.

பயிலகத்துக்குப் பலகை மாட்டிய அன்றைக்கு எங்கள் சலவைக்கூடத்தைக் கூட்டுகிற அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாணயப் பயிலகமா? காசு அடிக்கிற இடமா தம்பி?" என்று கேட்டாள்.

"நாணயம் இல்லம்மா, நாநயம்."

"அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டாள்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் துவைக்கிற மெஷின் பார்ப்பவன். வார்டுகளிலிருந்து வருகிற விரிப்பும் போர்வையும் என் கையில் நனையும், என் அக்கா கையில் காயும். அவளுக்கு உருளை மெஷினில் வேலை. ஈரத் துணியை இந்தப் பக்கம் விட்டால் சூடான உருளைகளுக்கு நடுவே போய் அந்தப் பக்கம் மடிப்பு இல்லாமல் வரும். இந்த மெஷின்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுப் பழுது பார்ப்பவர் அக்காவின் புருஷன், என் மாமா. மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அக்கா பேசுவாள், நான் பேசுவேன், மாமா சாப்பிடுவார்.

சலவைக்கூடத்தில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட "சரி" என்ற ஒரே வார்த்தையில் வேலையை முடித்தவர். அக்காவுக்கு அதில் குறையே இல்லை. பெருமைதான். "என் வீட்டுக்காரர் பேசுறது ரெண்டு வார்த்தை. ரெண்டும் நெசம். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் ரெண்டாயிரம் வார்த்தை பேசுறான், அதுல ரெண்டு தேறுமா?" என்பாள்.

ஒரு நாள் உருளை மெஷின் விரிப்போடு சேர்த்து அக்காவின் வலது கையையும் இழுத்துக்கொண்டது. நிறுத்துவதற்கென்று மெஷின் ஓரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அக்கா இடது கையால் அதை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். மெஷின் அது பாட்டுக்கு ஓடியது. நான் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தபோது விரலிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது.

எந்த ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுத்தாளோ அதே ஆஸ்பத்திரியில், அவளே இஸ்திரி போட்ட விரிப்பின் மேல் படுத்துக் கிடந்தாள். நிர்வாகத்திலிருந்து நலம் விசாரித்து ஆள் வரவில்லை, ஓலை வந்தது. கவனக்குறைவாக வேலை செய்து மெஷினுக்குச் சேதம் விளைவித்தாளாம். விசாரணை நடக்கும், குற்றம் உறுதியானால் வேலை போகும். இதைப் படித்துக் காட்டியபோது மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பொத்தான் வயரை நான்தான் கழட்டினேன். மேனேஜர் கழட்டச் சொன்னாரு. விசாரணையில சொல்லிடுறேன்."

துணி கொஞ்சம் சுருண்டாலும் பெண்கள் அந்தப் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தி நீவி விடுவார்கள். வேலை தாமதமாகிறது என்று சலவைக்கூடத்து மேனேஜருக்கு எரிச்சல். வயரைக் கழற்றிவிட்டால் எரிச்சல் தீர்ந்தது.

அக்கா இவரைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அவர் முகத்தைப் பார்த்து, "சொன்னாங்க, செஞ்சீங்க. என் கை மாட்டும்னு தெரிஞ்சா செஞ்சீங்க? இப்ப சொன்னீங்களே, இதே மூணு பேச்சை அங்க வந்து சொல்லிடுங்க. எனக்கு வேலை நிக்கும், அது போதும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாட்சி சொல்வதற்கும் பயிற்சி வேண்டும் என்பதால் கை கட்டோடு அக்காவே முதலில் பயிலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பயிலகத்தின் இயக்குநருக்குச் சொற்கோ என்று பட்டம். கொடுத்தது அவரேதான். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், மூச்சை இழுத்தார், கைகளை விரித்தார், பிறகுதான் "அமருங்கள்" என்றார். நாங்கள் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தோம். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, ஒருவர் சொல்லும் செய்தியில் சொல்லின் பங்கு மிகச் சிறியது. மீதி முழுவதும் உடல்மொழி. குறிப்பாகக் கையசைவு. தங்களுக்கோ தற்சமயம் ஒரு கைதான். பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி முழு நீதி வழங்குவது?"

"கை போனதைச் சொல்லத்தான்யா வந்திருக்கேன்!"

"அதற்குத்தானே அம்மா கை வேண்டும் என்கிறோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் நானும் மாமாவும் சேர்வது என்று முடிவானது.

வகுப்பில் எங்களுக்கு முன்னாலேயே சேர்ந்தவர் ஒருவர் இருந்தார். வார்டில் தள்ளுவண்டி தள்ளுகிறவர். மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்பதற்காகச் சேர்ந்தாராம். மகளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையே பேச ஆரம்பித்துவிட்டது. இவர் இன்னும் குரல் ஏற்ற இறக்கம் பாடத்தைத் தாண்டவில்லை.

"லீவுதான் இனிமே வேண்டாமே, அண்ணே?"

"வேண்டாம்னு சொல்றதுக்கும் தேறணுமாமே தம்பி."

முதல் பாடம் பொட்டலம். குறை சொல்வதாக இருந்தால் வெறுங்கையோடு சொல்லக் கூடாது, முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு, நடுவில் குறையை வைத்து மடித்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்த பயிற்சி, எங்கள் கூடத்துக் கழிப்பறையில் குழாய் ஒழுகுவதைச் சொல்வது. நான் எழுந்து, "நம்ம கழிப்பறை நல்ல காத்தோட்டமா இருக்கு. குழாய் ஒழுகுது. கதவு பலமா இருக்கு" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மறு வாரம் இரண்டு பேர் வந்து கழிப்பறைச் சுவரில், 'காற்றோட்டத்துக்கும் கதவுக்கும் ஊழியர்களின் பாராட்டைப் பெற்றது' என்று பலகை அடித்துவிட்டுப் போனார்கள். அடித்த ஆணி குழாயில் இறங்கி ஒழுகல் இன்னும் கூடிவிட்டது.

அடுத்ததுதான் பயிலகத்தின் பெருமை. அங்கே 'ஆனா' என்ற வார்த்தை தடை. ஆனா, ஆனால், ஆனாலும், எந்த உருவத்தில் வந்தாலும் மூலையில் மணியோடு உட்கார்ந்திருக்கும் கிழவர் டிங் என்று அடிப்பார். அவர் தூங்கிக்கொண்டேகூட அடிப்பார். மற்ற எந்த வார்த்தைக்கும் அவர் காது அசையாது.

"உலகத்தின் எல்லாச் சண்டையும் அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. அதன் இடத்தில் 'மேலும்' என்று போடுங்கள். மனம் மலரும்" என்றார் சொற்கோ. என்னை எழுப்பி, "உங்கள் உருளை மெஷினைப் பற்றி ஒரு வாக்கியம்" என்றார்.

"மெஷின் நல்லா ஓடும். ஆனா நிக்காது."

டிங்.

"மெஷின் நல்லா ஓடும். மேலும், நிக்காது" என்று திருத்திச் சொன்னேன்.

"பார்த்தீர்களா! குறையாக இருந்தது குணமாகிவிட்டது" என்று சொற்கோ கண்ணை மூடி ரசித்தார். மேனேஜர் அன்றைக்கு வகுப்பைப் பார்வையிட வந்திருந்தார். அவரும் ரசித்தார். அவருக்கு இந்தப் பயிற்சியெல்லாம் தேவையில்லை என்றார்கள். அவர் பேச வேண்டியதை வேறு ஆள் பேசும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கு நாக்கு மடங்கவே இல்லை. பிறந்ததிலிருந்து ஆனா போட்டே பேசி வளர்ந்தவன் நான். மணி அடித்து அடித்துக் கிழவருக்குக் கை வீங்கியதுதான் மிச்சம். ஆச்சரியம் என்னவென்றால் மாமா பிய்த்து உதறினார். பேச்சே வராத மனுஷன் என்பதால் மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவரிடம் இல்லை. வெள்ளைத் துணி எந்தச் சாயத்தையும் பிடிக்குமே, அந்த மாதிரி பிடித்தார். எங்கே நிறுத்துவது, எங்கே சிரிப்பது, எந்த இடத்தில் நெஞ்சில் கை வைப்பது எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. "இவர் மௌனசாமி அல்ல, மடை திறந்த வெள்ளம்" என்றார் சொற்கோ.

வீட்டிலும் வெள்ளம்தான். ஒரு சாயங்காலம் நான் போனபோது மாமா கண்ணாடி முன் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஒற்றைக் கையால் சோறு போட்டாள். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "சாப்பாடு அருமை. மேலும், உப்பு இல்லை. மேலும், போட்ட கை அழகு" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்துவிட்டது. மாமா உள்ளே போனதும் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "டேய், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் இப்பத்தான்டா என்கிட்ட முழுசா பேசுறாரு. வேலை விட்டு வந்தா பக்கத்துல உக்காந்து, நீ சின்ன வயசுல எப்படி இருந்த, எதுக்குப் பயப்படுவ, எதுல அவசரப்படுவன்னு கேட்டுக் கேட்டுப் பேசுறாரு. நானும் பால் பொங்க விட்டது, பஸ்ஸைத் துரத்திட்டு ஓடி விழுந்ததுன்னு எல்லாத்தையும் சொல்லிச் சிரிச்சேன். கை வெந்தாலும் வெந்துச்சு, புருஷன் கெடைச்சிட்டாரு."

அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வகுப்பு முடிந்தபிறகும் சொற்கோ மாமாவைத் தனியாக நிறுத்திக்கொள்வதைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. நல்ல மாணவனுக்குக் கூடுதல் பாடம் என்றுதான் நினைத்தேன்.

விசாரணை நாள் வந்தது. பயிலகத்தின் மண்டபத்தில்தான் நடந்தது. மேடையில் சொற்கோ தலைமை, பக்கத்தில் மேனேஜர், நடுவில் ஒலிபெருக்கி. மூலையில் மணிக் கிழவர். விசாரணைப் பேச்சுதான் எங்களுக்குத் தேர்வும் என்பதால் முன் வரிசையில் மதிப்பெண் போடுகிறவர்கள் பென்சிலோடு. அக்கா இரண்டாவது வரிசையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டி வந்திருந்தாள். பேசப் போவது புருஷன் அல்லவா.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். இந்த இழவெல்லாம் இருக்கட்டும், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று, "எங்கக்கா பொத்தானை அமுக்கினாங்க, ஆனா" என்றேன். டிங். "அமுக்கினாங்கய்யா, ஆனாலும்" என்றேன். டிங். "அட, ஆனா வயரே அதுல" என்றேன். டிங். சொற்கோ கையை உயர்த்தினார். "வயரைத் தாங்கள் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை, மாமா சொன்னதுதான் என்றேன். "கேள்விப்பட்டதைச் சொல்பவர் சாட்சியல்ல, மேலும் தங்கள் குரலில் ஏற்றம் உண்டு, இறக்கம் இல்லை" என்று உட்காரச் சொல்லிவிட்டார். பரவாயில்லை, பார்த்தவர் பின்னால் வருகிறார் என்று வந்து உட்கார்ந்தேன். அக்கா என் முழங்கையைத் தட்டி, "விடுடா, அவர் சொல்லிடுவாரு" என்றாள்.

மாமா மேடை ஏறினார். சட்டை புதுசு. ஒலிபெருக்கியைச் சரிசெய்தார். நிறுத்தினார். இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். அக்கா முகத்தை மட்டும் தாண்டிவிட்டார். வகுப்பில் கண் பார்த்துப் பேசுவதில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்.

"அன்பார்ந்த அவையே! பொத்தான் என்பது என்ன?" நிறுத்தம். "பொத்தான் என்பது நம்பிக்கை. நம்பிக்கை எங்கே இருக்கிறது? வயரிலா?" நிறுத்தம். நெஞ்சில் கை. "இல்லை, இங்கே இருக்கிறது. அந்தப் பொத்தானில் வயர் இருந்ததா என்று கேட்டார்கள். வயர் இருந்தது. மேலும், இணைப்பில் இல்லை. இணைப்பு என்பது மனிதர்களுக்கு இடையில் அல்லவா வேண்டும்!"

முன் வரிசையில் ஒருவர் "ஆகா" என்றார்.

"நமது நிர்வாகம் தாயைப் போன்றது. மேலும், என் மனைவி ஓர் அற்புதமான பெண்மணி. குடும்பத்துக்காக ஓடுகிறவள். அவசரக்காரி. அடுப்பில் பால் வைத்தால் பொங்கவிடுவாள். புறப்பட்ட பஸ்ஸைத் துரத்தி ஓடி விழுவாள். அன்று உருளை மெஷினிலும் அதே ஓட்டம்தான் ஓடினாள். அவளுடைய அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவளது அன்பு!" மாமா சிரித்தார். பயிற்சி கொடுத்த இடத்தில், பயிற்சி கொடுத்த அளவு சிரித்தார்.

பொட்டலம். முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு, நடுவில் என் அக்காவை வைத்து மடித்துக் கொடுத்துவிட்டான் பாவி. மண்டபம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டல். இத்தனை நாள் தட்டிப் பழகிய பழக்கத்தில் என் கைகளும் தாமாகவே எழுந்தன. பாதியில் பிடித்து மடியில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் அக்கா தட்டவும் இல்லை, அழவும் இல்லை. பால் பொங்கிய கதையை நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, உதடு மட்டும் லேசாக அசைந்தது.

சொற்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "இந்த உரையை நானும் இவரும் வகுப்பு முடிந்த பிறகு தினமும் அமர்ந்து செதுக்கினோம்! பால் பொங்கும் உவமை வேண்டும், சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்து வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். எவ்வளவு அழகாகச் சேகரித்து வந்திருக்கிறார் பாருங்கள்! மேனேஜர் அவர்களும் வரிக்கு வரி கேட்டுத் திருத்தம் சொன்னார்கள். இன்று முதல் இவர் நமது பயிலகத்தின் துணைப் பயிற்றுநர்!"

மறுபடி கைதட்டல். மேனேஜர் எழுந்து மாமாவுக்குப் பொன்னாடை மாதிரி ஒரு துண்டைப் போர்த்தினார். நான் பார்த்துவிட்டேன், அது எங்கள் கூடத்தில் அக்கா இஸ்திரி போட்ட துண்டு.

அடுத்து தீர்ப்பு. சொற்கோ மூச்சை இழுத்து, கைகளை விரித்தார். "ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பது மூத்தோர் வாக்கு. மெஷின் ஒரு கை என்றால் ஊழியர் இன்னொரு கை. மெஷினை நாம் மன்னித்துவிட்டோம். ஆகவே இந்த அம்மையார் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். மேலும், வாழ்த்தப்படுகிறார்."

அக்கா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைப் படி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, பயிற்சி பெறாதவர் மேடையில் பேசக் கூடாது" என்றார் சொற்கோ.

"பேசல" என்றாள் அக்கா.

நேரே மாமா முன்னால் போய் நின்று, கண்ணுக்கு நேராகப் பார்த்து, இடது கையால் ஓங்கி ஒன்று வைத்தாள். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அறைந்த சத்தம் மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது. ஒரு கைதான். ஓசைக்குக் குறையில்லை. முன் வரிசையில் ஒரு மனிதர் பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்து, கண் பார்வைக்கும் தெளிவுக்கும் முழு மதிப்பெண் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

துண்டு கீழே விழுந்தது. மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். செதுக்கிய பேச்சு, நிறுத்தம், சிரிப்பு ஒன்றும் அவரிடம் மிச்சமில்லை. பழைய குரலில், தரையைப் பார்த்து, "ஆனா... நான்..." என்றார்.

டிங்.

கிழவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். படி இறங்கப் போன அக்கா நின்று திரும்பினாள்.

"மேலும்?" என்று கேட்டாள்.

மாமா வாயைத் திறந்தார். மூடினார். அக்கா கொஞ்ச நேரம் நிஜமாகவே காத்திருந்தாள். அப்புறம் அவள் படி இறங்கினாள், நான் அவள் பையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.